பட்டியலின் முதல் பெயர்: குழந்தைகளும் கொரோனா பரவலும் குறித்த ஒரு மறுவாசிப்பு

வீட்டுக்குள் கொரோனாவைக் கொண்டுவருபவர் பெரியவரே, குழந்தை அதை வாங்கிக்கொள்வதோடு சரி என்ற முடிவு பெருந்தொற்றின் முதலாண்டு ஆய்வுகள் பலவற்றில் இடம்பெற்றது. ஒவ்வொரு வீட்டிலும் தொற்று முதலில் யாருக்கு உறுதியானது என்ற பட்டியலே அதற்கு ஆதாரம். அந்தப் பட்டியல் காட்டுவது பரிசோதனை நடந்த வரிசையை. நோய் பரவிய வரிசை வேறாக இருந்திருக்கலாம். ஓசூரை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2020 மே தொடக்கத்தில், தொற்று இல்லாத பகுதி என்று வகைப்படுத்தப்பட்ட தமிழகத்தின் ஒரே பச்சை மண்டலம், ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி மாவட்டம். அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகள் மீண்டும் இயங்கியபோது தொழிலாளி வாசலில் நின்று நெற்றியைக் காட்டி, காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகே உள்ளே போனார். மாநில எல்லையைக் கடப்பவருக்கு இ-பாஸ் வேண்டியிருந்தது. லைன் வீட்டு முற்றத்தில் விளையாடும் ஐந்து வயதுப் பிள்ளையின் மூக்கொழுகலைக் கவனிக்க அப்படி ஒரு வாசல் இல்லை. அறிகுறி இல்லாத நெருங்கிய தொடர்பினரை 5ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் பரிசோதிப்பது அன்றைய ஐ.சி.எம்.ஆர். நெறி. எனவே அப்பாவுக்கு நோயைத் தந்ததே பிள்ளையாக இருந்தாலும், ஏட்டில் அப்பாதான் முதலாமவர்.

ஆய்வாளர் ரமணன் லக்ஷ்மிநாராயண், அன்றைய தமிழக சுகாதாரச் செயலர் ஜெ. ராதாகிருஷ்ணன் உள்ளிட்டோர் 2020இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். தமிழகத்திலும் ஆந்திரத்திலும் தொற்று உறுதியான 84,965 பேரின் தொடர்பினர் 5,75,071 பேரின் பரிசோதனை முடிவுகள் அதில் அலசப்பட்டன. ஏறத்தாழ 70 விழுக்காட்டினரின் தொடர்பினர் எவருக்கும் தொற்று காணப்படவில்லை என்ற செய்தியே பரவலாகப் பேசப்பட்டது. அதே ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு, ஒத்த வயதினரிடையே தொற்று கூடுதலாகப் பரவியது என்பது. 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடமும் இது வலுவாகத் தெரிந்தது. முதலில் தொற்று உறுதியானவரும் அவருடைய தொடர்பினரும் சேர்ந்த ஓர் இணையில் யார் முன், யார் பின் என்பதைப் பரிசோதனை வரிசை மாற்றிவிடலாம். இரு குழந்தைகளை ஓர் இணையாக்க அதனால் முடியாது.

அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே பெரியவரிடமிருந்து தொற்றியிருக்கலாமே என்பது கனமான மறுப்பு. ஆனால் அந்தப் பெரியவர் முன்பே பரிசோதிக்கப்பட்டிருந்தால் இருவரும் அவருடைய தொடர்பினராகவே பதிவாகியிருப்பார்கள். பரிசோதனைக்கே வராத பெரியவர்கள் சிலர் இருந்திருப்பார்கள்; அந்த அளவுக்கு என் வாதம் தளர்கிறது, வீழ்வதில்லை. குழந்தையின் மூக்கில் வைரஸ் பற்றும் ஏற்பிகள் குறைவு என்ற வாதம் தொற்றும் வாய்ப்பைப் பற்றியது. தொற்றிய குழந்தை பிறருக்குப் பரப்புமா என்ற கேள்விக்கு அது விடையாகாது. பள்ளிகளைப் பற்றி இந்தத் தரவு எதுவும் சொல்லாது என்பதும் உண்மை. 2020 மார்ச்சில் மூடிய தமிழகப் பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. வெளியே போகாத குழந்தை வெளியிலிருந்து நோயைக் கொண்டுவரவில்லை என்பதை அதன் இயல்பாக எப்படிக் கொள்வது?

அடுத்த சுவாசத் தொற்றின்போது, ஒரு வீட்டில் முதல் நபருக்கு நோய் உறுதியாகும் அன்றே அவ்வீட்டுப் பிள்ளைகளின் மூக்குச் சளி மாதிரியையும் எடுத்துவிட வேண்டும்.