பெட்டியும் வாயிலும்: லினக்ஸ் மேசைக்கணினியில் கொள்கலன் செயலிகளின் வளர்ச்சி

லினக்ஸ் மேசைக்கணினியில் செயலிகளை நிறுவும் முறை 1990களில் ஒரு வேலைப் பிரிவினையாக உருப்பெற்றது: செயலியை எழுதுவோர் மூலநிரலை வெளியிடுவர், டெபியன், ரெட் ஹேட் முதலிய வழங்கல்களின் பராமரிப்பாளர்கள் அதைத் தத்தம் இயங்குதளத்துக்கு ஏற்பத் தொகுத்து, பொதியாகக் கட்டிப் பயனரிடம் சேர்ப்பர். பல செயலிகளுக்கும் பொதுவான நிரல் பகுதிகள், அதாவது நிரலகங்கள், கணினியில் ஒரே படியாக வைத்துப் பகிரப்பட்டதால், ஒரு நிரலகத்தில் பாதுகாப்புக் குறை தென்படும்போது அந்த ஒரு படியைத் திருத்தினாலே எல்லாச் செயலிகளும் காக்கப்பட்டன. இந்த ஏற்பாட்டின் பெருமையை இன்றும் குறைத்துச் சொல்வதற்கில்லை. எனினும் அதே பகிர்வு, செயலியின் பதிப்பை வழங்கலின் பதிப்போடு பிணைத்துவிட்டது. 2014 ஆகஸ்டில் போர்ட்லாந்தில் நடந்த டெபியன் மாநாட்டில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இக்குறையை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். அவர் தொடங்கிய சப்சர்ஃபேஸ் என்னும் செயலியை விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஆயத்த வடிவில் தர முடிந்த அதன் குழுவினரால், வழங்கல்தோறும் நிரலகங்கள் வேறுபட்டமையால், லினக்ஸுக்கு அவ்வாறு தர இயலவில்லை.

இக்குறைக்கு அவ்வுரைக்கு முன்பே விடை தேடிய முயற்சிகளில் ஒன்று சைமன் பீட்டர் 2004இல் தொடங்கிய கிளிக். பின்னர் ஆப்இமேஜ் என வளர்ந்த இம்முறையில், செயலியும் அதற்குத் தேவையான நிரலகங்களும் சுருக்கப்பட்ட கோப்பு முறைமையாக ஒரே கோப்பில் அடங்கியிருக்க, பயனர் அக்கோப்பை இயக்கியதும் அது தற்காலிகமாக இணைக்கப்பட்டுச் செயலி திறக்கும். நிறுவுதல் என்ற படியே இதில் இல்லை. ஆனால் இது செயலியைக் கொண்டுசேர்க்கும் சிக்கலை மட்டுமே தீர்த்தது. இயங்கத் தொடங்கிய செயலி, பயனரின் கோப்புகள் அனைத்தையும் முன்போலவே தடையின்றி அணுகியது.

இத்தகைய அணுகலைத் தடுப்பதற்கான கருவிகள் வேறொரு திசையிலிருந்து வந்தன. ஒரு நிரலுக்குக் கோப்பு மரத்தின் ஒரு கிளையை மட்டுமே காட்டும் சிஎச்ரூட் வசதி 1979இலேயே யுனிக்ஸில் தோன்றிவிட்டது. லினக்ஸின் கருவான கெர்னலில் 2002இல் கோப்பு முறைமையைத் தனித்துக் காட்டும் பெயர்வெளியும், 2008இல் வளங்களுக்கு வரம்பு விதிக்கும் சிகுரூப் அமைப்பும், 2013இல் நிறைவுற்ற பயனர் பெயர்வெளியும் சேர்ந்தபோது, ஒரு நிரல் தனக்கெனத் தனிக் கணினி இருப்பதாகவே கருதும்படி அதைச் சூழ்ந்து அடைக்க முடிந்தது. கொள்கலன் எனப்படும் பெட்டி இவ்வசதிகளின் கூட்டே. 2013இல் வெளிவந்த டாக்கர் இதைச் சேவையகங்களில் பரவலாக்கியது. சேவையக நிரலுக்கு வலையிணைப்பும் சிறிது சேமிப்பிடமும் பெரும்பாலும் போதும். மேசைக்கணினிச் செயலிக்கோ திரை, ஒலி, அச்சுப்பொறி, எழுத்துருக்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பயனரின் சொந்தக் கோப்புகள் தேவை. ஆகவே சேவையகத்தின் பெட்டியை அப்படியே மேசைக்கணினிக்குக் கொண்டுவர இயலவில்லை.

இவ்விரு போக்குகளும் அலெக்சாண்டர் லார்சனின் பணியில் சந்தித்தன. 2007இல் கிளிக் வகையைச் சேர்ந்த ஒற்றைக்கோப்பு முறையொன்றைச் சோதித்த இவர், 2013இல் டாக்கரை ரெட் ஹேட் இயங்குதளத்தில் இயங்கச் செய்யும் வேலையிலும் ஈடுபட்டிருந்தார். அவர் உருவாக்கிய எக்ஸ்டிஜி-ஆப், 2016இல் ஃபிளாட்பேக் எனப் பெயர் மாறி, 2018 ஆகஸ்டில் 1.0 பதிப்பை எட்டியது. செயலிகளுக்குப் பொதுவான நிரலகங்கள் இதில் ‘இயக்கச்சூழல்’ என்னும் தொகுப்பாகத் தனியே பதிப்பிடப்படுவதால், ஒவ்வொரு செயலியும் அவற்றைச் சுமக்க வேண்டியதில்லை. ஒரே உள்ளடக்கம் கொண்ட கோப்புகளை வட்டில் ஒருமுறை மட்டும் சேமிக்கும் ஓஎஸ்ட்ரீ என்னும் கருவி இடத்தையும் மிச்சப்படுத்துகிறது. பழைய பகிர்வுக் கொள்கை கைவிடப்படவில்லை. வழங்கலிடமிருந்து அது இயக்கச்சூழலைப் பராமரிப்போரின் கைக்கு மாறியது.

இதே காலத்தில் உபுண்டு வழங்கலை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம், உபுண்டு கைபேசிக்கென 2013இல் வகுத்த கிளிக் பொதிகளிலிருந்து (சைமன் பீட்டரின் கிளிக்கினின்று இது வேறானது) ஸ்னாப் முறையை வளர்த்து, 2016இல் உபுண்டு 16.04 வழியாக மேசைக்கணினிக்குக் கொண்டுவந்தது. சேவையகச் செயலிகளையும் ஏற்பது இதன் சிறப்பு. ஆனால் கனோனிக்கலின் ஒரே அங்காடியைச் சார்ந்திருப்பது பிற வழங்கல்களிடம் எதிர்ப்பைக் கிளப்பியது; 2020இல் வெளிவந்த லினக்ஸ் மின்ட் 20, ஸ்னாப் தானாக நிறுவப்படுவதைத் தடுத்தது.

இவ்வரலாற்றில் மிகவும் கருதத்தக்க கண்டுபிடிப்பு பெட்டியன்று, அதில் அமைக்கப்பட்ட வாயில். போர்ட்டல் எனப்படும் இவ்வசதியை ஒரு கோப்பைத் திறக்கும் செயலில் தெளிவாகக் காணலாம். அடைபட்ட ஒரு செயலியில் பயனர் ‘திற’ என்பதை அழுத்தும்போது தோன்றும் கோப்புத் தெரிவுச் சாளரம் அச்செயலிக்கு உரியதன்று. பெட்டிக்கு வெளியே இயங்கும் போர்ட்டல் சேவையே அதைக் காட்டுகிறது. பயனர் ஒரு படத்தைத் தெரிவு செய்ததும் அந்த ஒரு கோப்பு மட்டும் தனியொரு பாதை வழியாகச் செயலிக்குத் தெரியவரும். அதே கோப்புறையில் உள்ள பிற படங்கள் இருப்பதைக்கூடச் செயலி அறியாது. அனுமதி கேட்கும் தனிக் கேள்வி இங்கே எழுவதில்லை. பயனரின் தெரிவே அனுமதியாகிறது. எதையும் படிக்காமல் ‘சரி’ என்பதை அழுத்தப் பழகிவிட்ட பயனரைக் காக்க இதனினும் நேர்த்தியான வழி மேசைக்கணினியில் அரிது. தமிழில் தட்டச்சு செய்வோர் பயன்படுத்தும் ஐபஸ் உள்ளீட்டு முறைக்கும் இவ்வாறே தனி வாயில் அமைக்கப்பட்டமையால், அடைபட்ட செயலிக்குள்ளும் அவர்கள் தமிழில் எழுத முடிகிறது.

வாயில் அமையாத இடங்களில் பெட்டி வலுவிழக்கிறது. பழைய எக்ஸ்11 திரை முறையில் ஒரு செயலி மற்றொன்றின் விசையழுத்தங்களைக் கவனிக்க முடியும் என்பதால், அத்திரையை அணுகும் செயலியைப் பெயர்வெளிகளால் மட்டும் அடைத்துவிட முடியாது. வேலேண்ட் என்னும் புதிய திரை முறை வந்த பின்னரே இது சீரானது. ஒலி எழுப்புவதற்காகப் பல்ஸ்ஆடியோ என்னும் ஒலிச்சேவையின் அணுகலைப் பெறும் செயலிக்கு ஒலிவாங்கியும் சேர்த்தே கிடைத்துவிடுகிறது. ஃபிளாட்பேக் செயலிகளின் முதன்மை அங்காடியான ஃபிளாட்ஹப்பில் உள்ளவற்றுள்ளும் பயனரின் கோப்புகள் முழுவதையும் அணுகும் அனுமதியோடு வருபவை உண்டு.

இக்குறைகளுக்கிடையிலும், இயங்குதளத்தின் அடித்தளம் மாற்ற இயலாததாக அமைக்கப்பட்ட கணினிகளில் ஃபிளாட்பேக்கே செயலிகளுக்கான முதன்மை வழியாகிவிட்டது. 2022இல் வெளிவந்த ஸ்டீம் டெக் என்னும் கையடக்க விளையாட்டுக் கணினியில், பழைய முறையில் நிறுவிய பொதிகள் இயங்குதள மேம்படுத்தலின்போது அழிந்துபோக, ஃபிளாட்பேக் செயலிகள் அப்படியே நீடிக்கின்றன. நிரல் எழுதும் கருவிகள் மட்டும் இம்முறைக்குள் இன்னும் முழுமையாக அமையவில்லை. தொகுப்பி, பிழைநீக்கி, கட்டளைச் சாளரம் எனக் கணினியின் பல பகுதிகளை ஒருசேரத் தொட வேண்டியுள்ள அவற்றுக்கு, கோப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் வாயில் போதுவதில்லை. எனவே பெட்டியின் சுவரைப் பெருமளவு திறந்துவைத்தே அவை வெளியிடப்படுகின்றன.