கொட்டாஞ்சேனையில் திராட்சை மதுவும் தென்னஞ்சாராயமும்

கொழும்பில் திராட்சை மது நெடுங்காலமாகக் கப்பலில் வந்த சரக்கு. பிரான்சின் போர்தோப் பகுதியின் மெர்லோ போன்ற திராட்சைக் கொடிகளுக்குக் குளிர்கால உறக்கம் தேவை. இந்நகரின் ஈரவெப்பம் அதைத் தராது. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் திராட்சை மதுவைத் தம் விருந்து மேசைக்கும், அந்நகரின் கொட்டாஞ்சேனைப் பகுதியை ஒட்டிய வுல்பெண்டால் ஆலயத்தின் நற்கருணைக்கும் வரவழைத்தனர். கத்தோலிக்கத் திருப்பலிக்கும் திராட்சை மதுவே விதி.

சாதாரணக் குடும்பங்களின் கைக்கு எட்டியது தென்னையின் கொடை. சீவல் தொழிலாளர் மரத்துக்கு மரம் கட்டிய தும்புக்கயிற்றில் நடந்து, பாளையைச் சீவி, முட்டியில் கள் இறக்கினர். உயிரைப் பணயம் வைத்த அருந்திறன் அது. பாளையிலிருந்து வடியும் இனிப்புச் சாறு சில மணி நேரத்தில் தானே புளித்துக் கள்ளாகிவிடும். அதைக் காய்ச்சி வடித்து, மரப்பீப்பாயில் முதிரவைத்தால் சாராயம். ஒல்லாந்தரும் பின்னர் பிரித்தானியரும் அதன் விற்பனை உரிமையை ஏலம் விட்டுக் கருவூலம் நிரப்பினர். குத்தகைக்காரர் சிலர் பெருஞ்செல்வராயினர். குடியால் குடும்பங்கள் சிதைந்ததை எதிர்த்து, 1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்றது.