சயாம் காட்டில் ஒரு நடைபாதை

தலைநகரில் வாழும் தமிழன்பர்கள் பலரும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் குழந்தை குட்டிகளுடன் இந்தியா கேட் புல்வெளிக்குச் சென்று வருவதுண்டு. வேர்க்கடலையைக் கொறித்தவாறு அங்கே காலாற நடக்கும்போது, அந்த வெளியின் குறுக்கே ஒரு காலத்தில் புகைவண்டி ஓடியது என்னும் நினைவு நம்மில் எவருக்கும் எழுவதில்லை. 1904-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஆக்ரா-டில்லி இருப்புப்பாதை, இன்று கர்தவ்ய பாதை எனப்படும் ராஜபாட்டையையும், நினைவு வளைவு எழுவதற்குக் குறித்த இடத்தையும் ஊடறுத்துச் சென்றது. புதிய தலைநகரின் அமைப்புக்கு அது இடையூறாக இருந்தமையால், பாதையை யமுனைக் கரையோரமாகத் திருப்பினார்கள். 1924-ஆம் ஆண்டில் புதுப்பாதையில் வண்டிகள் ஓடத் தொடங்கின. பழைய தடம் மண்ணோடு மண்ணாயிற்று. அவ்விடத்தில் எழுந்த வளைவிலோ, போர்க்களங்களில் மாண்ட வீரர்களுள் 13,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன.

ரயில் நின்றுபோன பிறகு அதன் தடம் என்ன ஆகிறது? அத்தடத்தில் யாருடைய பெயர் நிலைக்கிறது? இவ்விரு கேள்விகளையும் எடுத்துக்கொண்டு, தமிழர் வரலாற்றில் மறக்கலாகாத ஓர் இருப்புப்பாதையைப் பற்றி இங்கே ஆராய்வோம்.

கைவிடப்பட்ட இருப்புப்பாதையை நடப்போருக்கு உரிய வழியாக மாற்றும் வழக்கம் மேலைநாடுகளில் பரவியிருக்கிறது. இதற்குக் காரணம் எளிது. புகைவண்டி செங்குத்தாக ஏற இயலாது. ஆகவே பாதை போடுவோர் மேட்டை வெட்டியும், பள்ளத்தை நிரப்பியும், மலையைச் சுற்றியும் ஏற்ற இறக்கம் மிகாமல் வழி அமைப்பார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தபின் எஞ்சுவது, முதியோரும் சிறுவரும் மூச்சு வாங்காமல் நடக்கத்தக்க ஒரு வழி. இங்கிலாந்தில் மானிஃபோல்டு பள்ளத்தாக்கில் 1904-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒரு குறுகிய இருப்புப்பாதை, வருவாயின்றி 1934-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1937-ஆம் ஆண்டில், அத்தடம் நாட்டுப்புற நடைபாதையாகத் திறக்கப்பட்டது. அப்பாதையை வகுத்த கால்த்ராப் என்னும் பொறியாளர், அதற்கு முன்னரே நமது மராட்டிய நாட்டில் பார்சி சிற்றிருப்புப்பாதையை அமைத்தவர் என்பது நமக்குச் சுவையான செய்தி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து எல்ராய்-ஸ்பார்ட்டா பாதை 1967-ஆம் ஆண்டில் இவ்வாறே மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இவையெல்லாம் இன்பமாகப் பொழுது கழிக்கும் இடங்கள். ஆனால் இதே வகையைச் சேர்ந்த ஒரு நடைபாதை, தாய்லாந்து என்று இன்று வழங்கும் சயாம் தேசத்தில், காஞ்சனபுரிக்கு வடமேற்கே மூங்கிற் காட்டினூடே செல்கிறது. ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழியில் நடப்போர், முதலில் படிகளில் இறங்கி, இருபுறமும் பாறைச் சுவர்கள் ஓங்கி நிற்கும் ஓர் ஆழ்ந்த இடைவெளியை அடைகிறார்கள். கோன்யூ பாறைவெட்டு என்பது அதன் பெயர். ஏறத்தாழ 75 மீட்டர் நீளமும் 25 மீட்டர் ஆழமும் கொண்ட அவ்வெட்டின் சுவர்களில், கைச்சம்மட்டியால் உளியடித்துத் துளைத்த தழும்புகள் இன்றும் தெரிகின்றன. அப்பால் காலடியில் பழைய ஜல்லி நெரிபடும். மரங்கள் விலகும் இடங்களில் க்வே நோய் ஆற்றின் பள்ளத்தாக்கு கண்ணுக்குக் குளிர்ச்சியாக விரியும். பறவைக் குரலன்றி வேறு ஒலி இல்லாத அந்த வழிதான் மரண ரயில்பாதையின் ஒரு பகுதி.

அதன் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதம் ரங்கூனும் வீழ்ந்தது. பர்மாவில் நின்ற ஜப்பானியப் படைக்கு உணவும் தளவாடமும் கடல் வழியே செல்ல வேண்டியிருந்தது. அவ்வழியில் நேசநாட்டு நீர்மூழ்கிகளின் ஆபத்து மிகுந்தது. ஆகவே சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை, மலையும் காடும் காய்ச்சலும் நிறைந்த நிலத்தினூடே, 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் அகலப் பாதையை அமைக்க முடிவு செய்தனர். 1942-ஆம் ஆண்டில் இரு முனைகளிலும் தொடங்கிய வேலை, 1943 அக்டோபர் 17-ஆம் நாள் கொன்கொய்த்தா என்னுமிடத்தில் ஒன்று சேர்ந்தது. அமைதிக் காலத்தில் பல ஆண்டுகள் பிடிக்கும் பணியை ஒன்றரை ஆண்டுக்குள் முடித்த அந்த வேகத்துக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவை மனித உயிர்கள்.

நேசநாட்டுப் போர்க் கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோன்யூ பாறைவெட்டைப் பெரும்பாலும் ஆஸ்திரேலியக் கைதிகளும் பிரிட்டிஷ் கைதிகளுமே வெட்டினார்கள். இரவிலும் மூங்கில் தீவட்டிகளின் ஒளியில் எலும்புந்தோலுமான மனிதர் வேலை செய்த அக்காட்சி நரகத்தை ஒத்திருந்தமையால், நரக நெருப்புக் கணவாய் என்று அதற்குப் பெயர் வந்தது. இச்செய்தியை உலகம் நன்கு அறியும்.

உலகம் அவ்வளவாக அறியாத செய்தி ஒன்று உண்டு. அப்பாதையில் உழைத்தவருள் பெரும்பான்மையோர் போர்க் கைதிகள் அல்லர், ஆசியத் தொழிலாளர்களே. பர்மியர், தமிழர், மலாய்க்காரர், சீனர், ஜாவானியர் எனப் பல இனத்தவரான அவர்களின் தொகை 1,80,000 முதல் 2,50,000 வரை இருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். மாண்டவர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. மலேயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள்.

அவர்கள் யார்? திருச்சி, தஞ்சை, சேலம் போன்ற மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து கங்காணிகளின் பேச்சை நம்பிக் கப்பலேறியவர்களும் அவர்தம் மக்களுமே. போர் வந்ததும் ரப்பருக்குச் சந்தை இல்லாமற் போயிற்று. தோட்டங்களில் வேலை நின்றது, அரிசி அருகியது. அந்த வேளையில் ஜப்பானியர், மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவும் உறைவிடமும் இலவசம் என்று ஆசை காட்டி ஆள் திரட்டினார்கள். பசியால் சிலர் சென்றனர். சென்றவர் திரும்பாததைக் கண்டு மற்றவர் தயங்கியபோது, தோட்டங்களில் புகுந்து ஆண்களைப் பிடித்து லாரிகளில் ஏற்றினார்கள். மனைவி மக்களுடன் சென்றோரும் உண்டு. மூடிய சரக்கு வண்டிகளில் பான்போங் வரை பயணம். பின்னர் காட்டு வழியே நாட்கணக்கில் நடைப் பயணம். மூன்று மாதம் என்ற வாக்கைக் காப்பாற்றியவர் எவரும் இல்லை.

முகாம்களில் போர்க் கைதிகளுக்கும் கொடுமை உண்டு. எனினும் அவர்களுக்குள் அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர்கள் இருந்தனர். நீரைக் கொதிக்கவைத்தே பருக வேண்டும், கழிப்பிடத்தை விலக்கி அமைக்க வேண்டும் என்று கட்டுப்பாடு செய்ய ஆள் இருந்தது. தோட்டத் தொழிலாளிக்கு அந்தத் துணை ஏதும் இல்லை. 1943-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது, ஒழுகும் மூங்கிற் கொட்டகைகளில் அவர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். நிலைமை முற்றிய பின்னர், போர்க் கைதிகளிலிருந்தே மருத்துவப் பணியாளர் இரு பிரிவினரைத் தொழிலாளர் முகாம்களுக்கு ஜப்பானியர் அனுப்பினார்கள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. இறந்தவரைப் பொதுக் குழிகளில் இட்டனர், அல்லது எரித்தனர். பெயர்ப் பட்டியல் வைக்க எவருமில்லை.

நாம் மொழிபெயர்ப்புப் பணி செய்பவர். ஆதலால் அக்காலத்து ஆவணங்களில் இம்மக்களைக் குறிக்கும் சொற்கள் நம் கண்ணை உறுத்துகின்றன. ஜப்பானியர் அவர்களை ரோமுஷா என்றனர். அதற்குத் தொழிலாளி என்பதே பொருள். ஆங்கிலேயர் கூலிகள் என்று எழுதினர். தமிழில் கூலி என்பது உழைப்புக்குத் தரும் ஊதியத்தின் பெயர். ஊதியத்தின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. ஆளுக்கோ பேசிய ஊதியம் கைக்கு வந்து சேரவில்லை.

1945-ஆம் ஆண்டில் போர் முடிந்ததும், கல்லறைகளைத் தேடும் குழுவொன்று பாதை நெடுகச் சென்றது. கைதிகள் இரகசியமாக வைத்திருந்த பட்டியல்களின் துணைகொண்டு ஆயிரக்கணக்கான சவக்குழிகளைக் கண்டறிந்தது. இன்று காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் வரிசை வரிசையாக உறங்குகின்றனர். புல் சீராக வெட்டப்பட்டு, கல்தோறும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு தோட்டம் அமையவில்லை. 1957-ஆம் ஆண்டில் வெளிவந்து புகழடைந்த க்வாய் நதிப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலத் திரைப்படம் இலங்கையில் கிதுல்கல என்னும் ஊரில் எடுக்கப்பட்டது. அதுவும் கைதிகளின் கதையாகவே அமைந்தது.

பாதையும் நீடிக்கவில்லை. போருக்குப் பின் சயாமியப் பகுதி அந்நாட்டு அரசாங்கத்துக்கு விற்கப்பட்டது. நாம்டோக் வரையுள்ள பகுதியில் இன்றும் வண்டி ஓடுகிறது. அதற்கப்பால் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. தடத்தைக் காடு மூடிற்று. 1980-களில் டாம் மாரிஸ் என்னும் ஆஸ்திரேலிய முன்னாள் கைதி, அப்பாறைவெட்டைத் தேடிக் கண்டு, அதனைக் காக்கவேண்டும் என்று தம் நாட்டு அரசை வற்புறுத்தினார். அதன் பயனாகக் காடு திருத்தப்பட்டது, நடைபாதை அமைந்தது. 1998-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசு அங்கே ஒரு நினைவு மையத்தையும் திறந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 25-ஆம் நாள் வைகறையில் அந்நாட்டவர் பாறைவெட்டில் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். ஆசியத் தொழிலாளரைப் பற்றியும் அம்மையம் கூறுகிறது. அவர்களைக் குறைகூற நமக்கு இடமில்லை. தம்மவரை அவர்கள் மறக்கவில்லை, அவ்வளவே.

நம்மவரின் நினைவுக்கு என்ன எஞ்சியிருக்கிறது? பாலத்துக்கு அருகே 1944-ஆம் ஆண்டில் ஜப்பானியப் படையினரே எழுப்பிய ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. அதில் பல மொழிகளுக்கிடையே தமிழிலும் எழுத்துகள் பொறித்திருக்கின்றன. உயிரைக் கொண்டவரே இரங்கல் கல்லையும் வைத்த விந்தை அது. 1990-ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் ஒரு வயலைத் தோண்டியபோது, ஆசியத் தொழிலாளர்களுடையவை என்று கருதப்பட்ட நூற்றுக்கணக்கான மனித எலும்புகள் வெளிப்பட்டன. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலை எழுதி, தோட்டத் தமிழரின் துயரை இலக்கியத்தில் பதித்தார். மலேசியத் தமிழரின் முயற்சியால் 2023-ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் உள்ள ஒரு பௌத்த ஆலயத்தில், மாண்ட தமிழருக்காக ஒரு நடுகல் நிறுவப்பட்டது.

நடுகல் என்பது நமது பழைய மரபு. ஆநிரை மீட்கையில் மாண்டவனுக்கும், ஊரைக் காக்கையில் வீழ்ந்தவனுக்கும் கல் நட்டு, அவன் பெயரையும் செய்த செயலையும் அதில் பொறித்தார்கள் நம் முன்னோர். சயாமில் நட்ட கல்லோ பல்லாயிரவருக்குப் பொதுவான ஒரே கல். அதில் பொறிப்பதற்கு வேண்டிய தனிப் பெயர்களைத் திரட்டும் வேலை இன்னும் முடியவில்லை. அவ்வேலை மலேசியாவில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று. டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறிய நம் குடும்பங்களிலும், மலேயாவுக்குப் போய்க் கடிதம் நின்றுபோன ஒரு பெரியப்பா, ஒரு தாத்தாவின் தம்பி இருக்கக்கூடும். பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்தவர்கள் என்ற வகையில், அவர்களும் நாமும் ஒரே வழி வந்தவர்களே. நமக்கு வாய்த்த பாதை நல்ல பாதையாயிற்று.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும் அன்பர்கள், வீட்டு முதியவர்களிடம் இதைப்பற்றிக் கேட்கலாம். சயாமுக்குப் போனவர் என்று எவரையேனும் அவர்கள் குறிப்பிட்டால், அவருடைய பெயர், தகப்பனார் பெயர், ஊர், வேலை செய்த தோட்டம், கடைசிக் கடிதம் வந்த ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். நேரில் அறிந்தவர்களுள் இன்று வாழ்வோர் மிகச் சிலரே. அவர்களுக்கும் தொண்ணூறு வயது கடந்துவிட்டது. ஆகவே இப்பணியைத் தள்ளிப்போடுவதற்கில்லை.