'அல்லது' என்னும் சொல்லும் முழுக்கூட்டியும்

இரும எண்களைக் கூட்டும் சுற்றின் வரலாற்றை 1937-இல் தொடங்குவது வழக்கம். அவ்வாண்டு எம்.ஐ.டி.யில் அளித்த முதுநிலை ஆய்வேட்டில், ரிலே சுற்றுகளை இயற்கணிதக் கோவைகளாக எழுதலாம், எழுதியபின் சுருக்கலாம் என்று கிளாட் ஷானன் காட்டினார். அவர் தந்த எடுத்துக்காட்டுகளுள் இரும எண்களைக் கூட்டும் சுற்றும் ஒன்று. ஆயினும் கூட்டிச் சுற்றின் கோவையைச் சுருக்குவதில் இன்றும் மாணவர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு, அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே ஒரு சொல்லின் பொருள் குறித்த பூசலாகத் தோன்றிவிட்டது. அச்சொல் 'அல்லது'.

ஜார்ஜ் பூல் 1854-இல் வெளியிட்ட நூலில் கூட்டல் குறி, தம்முள் பொது உறுப்பு இல்லாத இரு வகுப்புகளைச் சேர்ப்பதற்கு மட்டுமே உரியது. 'மருத்துவர் அல்லது கவிஞர்' என்பதை அவர் முறையில் எழுத, இரண்டுமாக இருப்பவரை முதலில் தனியே பிரித்தாக வேண்டும். ஸ்டான்லி ஜெவன்ஸ் இதை ஏற்கவில்லை. ஒன்றை அதனோடே சேர்த்தால் அதுவே கிடைக்க வேண்டும், அதாவது க + க = க என்று அவர் 1863-இல் பூலுக்குக் கடிதம் எழுதினார். பூல் உடன்படவில்லை, அடுத்த ஆண்டே மறைந்தும் போனார். பின்வந்த தருக்கவியலார் ஜெவன்சின் பக்கமே நின்றனர். பூலியன் இயற்கணிதம் என்ற தலைப்பின்கீழ் இன்றைய பாடநூல்கள் அச்சிடும் க + க = க, பூல் தாமே மறுத்த விதி!

இனிக் கூட்டிக்கு வருவோம். முழுக்கூட்டிக்கு உள்ளீடு மூன்று: க, ச என்ற இரு இலக்கங்கள், முந்தைய இடத்திலிருந்து வரும் கேரி த. வெளியீடு இரண்டு: கூட்டுத்தொகையின் இலக்கமும் அடுத்த இடத்துக்குச் செல்லும் கேரியும். எட்டு உள்ளீட்டு நிலைகளில் 011, 101, 110, 111 ஆகிய நான்கில் கேரி 1 ஆகிறது. 111 மற்ற மூன்றிலிருந்தும் ஒரே இடத்தில் வேறுபடுவதால், அதனை மூன்று முறை பயன்படுத்திக் கோவையைக் கச + சத + தக எனச் சுருக்கலாம். பன்னிரண்டு எழுத்துகள் ஆறாகின்றன. ஒன்றையே மும்முறை சேர்த்துக்கொள்ள இசைவளிப்பது ஜெவன்சின் விதிதான்.

கூட்டுத்தொகை இப்படி இணங்குவதில்லை. அது 1 ஆகும் நிலைகள் 001, 010, 100, 111. இவற்றுள் எந்த இரண்டும் குறைந்தது இரண்டு இடங்களில் வேறுபடுகின்றன. வீச் 1952-இலும் கார்னோ 1953-இலும் அளித்த வரைபடங்களில் இது சதுரங்கப் பலகைபோல் தெரியும். வளைத்துச் சேர்க்க அண்டைக் கட்டமே இல்லை. மொழிமெய்யியலாளராகப் பெயர்பெற்ற குவைன் 1952-இல் முன்வைத்து, மெக்கிளஸ்கி 1956-இல் செப்பமாக்கிய முறையும் இங்கே ஓர் எழுத்தையும் குறைப்பதில்லை. காரணம் எளிது. இம்முறைகள் எல்லாம் ஜெவன்சின் 'அல்லது'வை நம்பியவை. கூட்டுத்தொகை கேட்பதோ இரண்டில் ஒன்று மட்டுமே உண்மை என்னும் 'அல்லது', அதாவது எக்ஸ்-ஓஆர். அதனை ⊕ என்று எழுதினால் பன்னிரண்டு எழுத்துக் கோவை க ⊕ ச ⊕ த என்று முடிந்துவிடும். சுருங்காது என்பது கோவையின் இயல்பன்று, எழுதிய மொழியின் இயல்பு.

பொறியாளர் கேரியையும் ஆறெழுத்துக் கோவையாக விட்டுவைப்பதில்லை. கச + த(க ⊕ ச) என்றே பெரும்பாலும் அமைக்கின்றனர். கூட்டுத்தொகைக்காக க ⊕ ச ஏற்கெனவே கிடைத்துவிட்டதால், இரண்டு அரைக்கூட்டிகளும் ஓர் ஓஆர் வாயிலும் போதும். மொத்தம் ஐந்து வாயில்கள். இக்கோவையின் கூட்டல் குறி கூர்ந்து நோக்கத்தக்கது. கச 1 ஆனால் க ⊕ ச 0 ஆகும். எனவே குறியின் இருபுறமும் ஒருபோதும் ஒருங்கே உண்மையாவதில்லை. பூல் விதித்த நிபந்தனை இங்கே நிறைவேறுகிறது. அவ்விடத்தில் எந்த 'அல்லது'வை வைத்தாலும் விடை ஒன்றே.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் ⊕ குறியையும் + என மாற்றலாம்; இரண்டும் வேறுபடும் ஒரே நிலையான க = ச = 1 என்பதைக் கச முன்னரே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. கேரியை முன்கூட்டியே கணிக்கும் விரைவுக் கூட்டிகளில், கேரியைக் கடத்தும் குறிப்பலையைச் சில நூல்கள் க + ச என்றும் சில க ⊕ ச என்றும் வரையறுப்பது இதனால்தான். கேரிக்கு இரண்டும் சரி. அதே குறிப்பலையைக் கூட்டுத்தொகைக்கும் பயன்படுத்துவதானால் ⊕ மட்டுமே சரி.