நான்கு புகைபோக்கிகளும் இரண்டு கடற்படைகளும்

வார்ட், ஸ்டூவர்ட் இரண்டும் முதல் உலகப் போர்க்கால வடிவமைப்பில் பிறந்த அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள். ஒல்லியான உடல், வரிசையாக நான்கு புகைபோக்கிகள், மணிக்கு 35 கடல் மைல் வேகம். 1918இல் அடிக்கட்டை போட்ட பதினேழரை நாளில் வார்ட் நீரில் இறங்கிவிட்டது. ஸ்டூவர்ட் அவசரமின்றி 1920இல் பணிக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது இரண்டுமே கிழடுகள்.

வார்ட் பெயர் பெற்றது 1941 டிசம்பர் 7 காலையில். ஜப்பானிய விமானங்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, பேர்ல் ஹார்பர் வாயிலில் ஒரு குட்டி நீர்மூழ்கியைச் சுட்டு மூழ்கடித்தது. மேலிடம் அந்தச் செய்தியை உடனே பொருட்படுத்தவில்லை. 2002இல் கடலடியில் கிடைத்த நீர்மூழ்கியின் கோபுரத்தில் குண்டு துளைத்த ஓட்டை இருந்தது. சரியாக மூன்றாண்டு கழித்து, 1944 டிசம்பர் 7 அன்று, பிலிப்பைன்ஸின் ஓர்மோக் விரிகுடாவில் தற்கொலை விமானம் மோதி வார்ட் தீப்பிடித்தது. மாலுமிகள் இறங்கிய பின் அதைச் சுட்டு மூழ்கடித்தது ஓ'பிரையன் என்ற கப்பல். அதன் தலைவர் வில்லியம் அவுட்டர்பிரிட்ஜ்தான் பேர்ல் ஹார்பரில் வார்ட்டுக்குத் தலைவர். இந்தத் தற்செயலைச் சொல்லும் ஆர்வத்தில், நடுவில் வார்ட் செய்த வேலையைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஸ்டூவர்ட்டின் கதையில் தற்செயலைவிட அவமானம் அதிகம். 1942 பிப்ரவரியில் பாலி அருகே படுங் நீரிணைப் போரில் அடிபட்டு, ஜாவாவின் சுரபாயாவுக்குப் பழுதுபார்க்க வந்தது. மிதவைத் துறையில் சரியாக முட்டுக்கொடுக்காததால் கட்டைகளிலிருந்து சரிந்து விழுந்தது. ஜப்பானியர் நெருங்கவே, அமெரிக்கர்கள் வெடிவைத்துவிட்டு வெளியேறினர். அத்தோடு முடிந்தது என்று நினைத்துப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கினர். ஜப்பானியரோ 1943இல் அதைத் தூக்கி நிறுத்தி, 102ஆம் எண் காவல் படகாக்கி ஓட்டினார்கள். எதிரிக் கடலுக்குள் நம் கப்பல் போல ஒன்று திரிகிறதே என்று அமெரிக்க விமானிகள் குழம்பினர்.

இரண்டையும் ஒப்பிடும்போது என் கண் நிற்பது புகைபோக்கிகளில்தான். அமெரிக்கர்கள் வார்ட்டின் முன்பக்கக் கொதிகலன்களையும் அவற்றின் புகைபோக்கிகளையும் கழற்றினார்கள். காலியான இடத்தில் படைவீரர்கள். டார்பிடோக் குழாய்கள் இருந்த பக்கவாட்டில் நான்கு தரையிறங்கு படகுகள். வேகம் ஏறத்தாழ 25 கடல் மைலாகக் குறைந்தது. 1943 முதல் சாலமன் தீவுகள், நியூ பிரிட்டன், பிலிப்பைன்ஸ் என்று தீவு தீவாக வீரர்களை இறக்கியது. ஜப்பானியரும் ஸ்டூவர்ட்டின் முன் புகைபோக்கிகளை இணைத்துச் சாய்த்து, வேகத்தை இழந்து, ஆழ்குண்டுகளை ஏற்றிச் சரக்குக் கப்பல்களுக்குத் துணையாக அனுப்பினார்கள். ஒருவருக்குத் தீவுகளில் ஆளை இறக்க வேண்டும். மற்றவருக்கு நீர்மூழ்கிகளிடமிருந்து எண்ணெயையும் அரிசியையும் காக்க வேண்டும். அந்தப் போரில் யார் முன்னேறினார்கள், யார் மூச்சுத் திணறினார்கள் என்பதற்குப் பெரிய போர்க்கப்பல்களைவிட இந்த இரு கிழடுகளே நல்ல சாட்சி.

ஸ்டூவர்ட்டின் துணைக்காவல் வேலையில் கசப்பான ஒரு நாளும் உண்டு. 1944 ஆகஸ்ட் 24 அன்று பிலிப்பைன்ஸின் லூசான் கரையில், புகழ்பெற்ற அமெரிக்க நீர்மூழ்கி ஹார்டர் ஆழ்குண்டுக்கு இரையானது. குண்டு போட்டது வேறொரு ஜப்பானியக் காவல் கப்பல். ஆனால் கூடவே நின்றது ஸ்டூவர்ட்.

போர் முடிந்து, ஜப்பானின் கூரே அருகே அது அமெரிக்கர் கைக்குத் திரும்பியது. 1945 அக்டோபரில் மீண்டும் பணியில் சேர்த்தார்கள். பெயர் மட்டும் திரும்பவில்லை. அதற்குள் புதிய கப்பலொன்றுக்கு ஸ்டூவர்ட் என்று சூட்டியிருந்ததால், பழையது 224 என்ற எண்ணோடு ஊர் திரும்பி, 1946 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ கடலில் குண்டுப் பயிற்சிக்கு இலக்காகி மூழ்கியது. பெயரை வாங்கிக்கொண்ட புதிய கப்பலும் துணைக்காவலுக்கென்றே கட்டப்பட்டதுதான். இன்று டெக்சாஸின் கால்வெஸ்டனில் அருங்காட்சியகமாக நிற்கிறது.