தராசின் இரு தட்டுகள்

மருத்துவ ஆராய்ச்சியைத் தராசில் நிறுக்கிறார்கள். ஒரு தட்டில் ஆபத்து, மறு தட்டில் பயன். பயன் மிகுந்தால் ஆராய்ச்சி தகும் என்பர். நாம் கேட்கிறோம்: ஆபத்து எவருக்கு? பயன் எவருக்கு?

1932-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கிகீ வட்டாரம். அரசின் பொதுச் சுகாதாரத் துறை தொடங்கிய ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டோர் 600 கறுப்பின ஆடவர். பெரும்பாலோர் ஏழை உழவர். அவர்களுள் 399 பேர் சிபிலிஸ் என்னும் மேகநோயாளர். மருந்தின்றி விட்டால் நோய் உடலை எங்ஙனம் தின்னும் எனக் காண்பதே நோக்கம்! அவர்களிடம் சொன்னதோ, 'கெட்ட இரத்தத்துக்குச் சிகிச்சை' என்று. தந்ததோ, இலவச உணவும் ஈமச்செலவுக்கு உறுதியும்!

1947-இல் பெனிசிலின் அந்நோய்க்குரிய மருந்தாயிற்று. அதே ஆண்டில், நாஜி மருத்துவர்களை நூரம்பெர்க்கில் விசாரித்த அமெரிக்க நீதிபதிகள் பத்து நெறிகளை வகுத்தனர். மனமுவந்த இசைவே முதல் நெறி. நெறி ஏட்டில் ஏறிற்று, டஸ்கிகீயை எட்டவில்லை. மருந்திருந்தும் மறுக்கப்பட்டது. 1972-இல் செய்தியாளர் அம்பலப்படுத்தும் வரை, 40 ஆண்டுகள்!

1979-இல் வெளிவந்த பெல்மாண்ட் அறிக்கை மூன்றைக் கோரிற்று: மனிதரை மதித்தல், நன்மை நாடல், நீதி. சுமை ஒருவன் தலையில், பயன் மற்றவன் மடியில் என்பது நீதியன்று.

விஞ்ஞானத்தை நாம் வெறுக்கவில்லை. அது பகுத்தறிவின் பிள்ளை. ஆயினும் இளைஞர்களே, 'உலக நன்மை' என்று எவரேனும் தராசைத் தூக்கினால், ஆபத்துத் தட்டில் கிடப்பவன் எவன் என்று பாருங்கள். அவன் அறிந்து இசைந்தானா என்று கேளுங்கள்!