யன்னலின் மூலை ஏன் வளைந்திருக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, பக்கத் தகட்டை வெட்டி யன்னல் பூட்டி, ஓடும் வீடாக மாற்றுகிற வேலையை இப்போது பல நாடுகளில் செய்கிறார்கள். அந்த வீடியோக்களை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். அவற்றில் ஒரு காட்சி தவறாமல் வரும். தகட்டில் நீள்சதுரம் ஒன்றைக் கீறுவார்கள். ட்ரில்லை எடுத்து நான்கு மூலையிலும் ஒவ்வொரு துளை போடுவார்கள். பிறகுதான் ஜிக்சோவின் அலகை ஒரு துளைக்குள் இறக்கி, அடுத்த துளை வரை வெட்டிக்கொண்டு போவார்கள்.

அந்த நான்கு துளைகள் எதற்கு? அலகு இறங்க வழி வேண்டும், மூலையில் திரும்ப இடம் வேண்டும் என்பார் வேலை தெரிந்தவர். சரியான பதில்தான். ஆனால் இன்னொரு பதிலும் உண்டு. அதை உலகம் உயிர்களைக் கொடுத்துப் படித்தது.

முதலில் வண்டியின் கதை. தொடக்க காலக் கரவன்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் நின்றவை. மேலே அடித்த தகடு மழைக்கும் வெயிலுக்கும் மட்டும்தான். பாரத்தைச் சுமந்தது சட்டம். 1934இல் அமெரிக்காவில் ஹோலி போலஸ் என்பவர் இதை மாற்றினார். அவர் விமானம் கட்டுகிறவர். சார்ல்ஸ் லிண்ட்பேர்க் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த விமானத்தைக் கட்டியவர்களில் ஒருவர். அலுமினியத் தகடுகளை ரிவட் அடித்துப் பொருத்தி, விமான உடல் போலவே ஒரு கரவனைச் செய்தார். 1936இல் வொலி பையாம் அதே வழியில் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரை வெளியிட்டார். வெள்ளிநிறத்தில் முட்டை வடிவில் பளபளக்கும் அந்த வண்டியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1,200 டொலர். அந்தக் காலத்துக்கு அது பெரிய பணம்.

இந்த வகை உடலில் தகடு வெறும் போர்வையல்ல, அதுவும் பாரம் சுமக்கிறது. ஆகவே அதில் யன்னல் வெட்டுவது சுவரில் யன்னல் வைப்பது போன்றதல்ல. பாரம் போகும் பாதையையே வெட்டுகிறோம். வெட்டிய இடத்தால் போக முடியாத விசை சுற்றிக்கொண்டு போகும். சுற்றும்போது மூலைகளில்தான் நெரிசல் படும்.

இதை விளங்கப்படுத்த எங்களுக்குக் கணிதம் தேவையில்லை. புடவைக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைக்காரர் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுப் போடுவார். பிறகு இரண்டு கையாலும் இழுத்தால் துணி நேராகக் கிழிந்துகொண்டு போகும். அந்த வெட்டு இல்லாமல் எவ்வளவு இழுத்தாலும் கிழியாது. இழுவிசை முழுவதும் அந்தக் கூர்முனையில் வந்து குவிவதுதான் காரணம். கணக்கு வேண்டுபவர்களுக்கு: அகலமான தகட்டை ஒரு பக்கமாக இழுத்தால், அதிலுள்ள வட்டத் துளையின் ஓரத்தில்கூட விசை மூன்று மடங்காகிறது. துளை கூர்மையாகக் கூர்மையாக அது இன்னும் ஏறும் என்று 1913இலேயே சார்ல்ஸ் இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் கணக்கிட்டுக் காட்டிவிட்டார்.

கணக்கு இருந்தும் பாடம் ஏறவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அவசர அவசரமாகக் கட்டிய லிபர்ட்டி கப்பல்களில், சரக்கு இறக்கும் திறப்புகளின் சதுர மூலைகளிலிருந்து வெடிப்புகள் புறப்பட்டன. குளிரில் நொறுங்கும் தன்மையுள்ள உருக்கும், வெடிப்பை இடையில் நிறுத்தாத ஒட்டுவேலையும் சேர்ந்துகொள்ள, சில கப்பல்கள் இரண்டாகவே பிளந்தன.

பெரிய அடி வானத்தில் விழுந்தது. 1952 மே 2ஆம் திகதி பிரித்தானியாவின் கொமெட், உலகின் முதலாவது ஜெட் பயணிகள் சேவையைத் தொடங்கியது. அதே ஆண்டு ஒகஸ்டில் கொழும்புக்கும் கொமெட் வரத் தொடங்கியது. எங்கள் பெரியவர்கள் அண்ணாந்து பார்த்த விமானம் அது. மிக உயரத்தில் பறப்பதால் உள்ளே காற்றை அழுத்தி வைக்க வேண்டும். ஏறும்போது உடல் ஊதும், இறங்கும்போது சுருங்கும். அந்த உடலின் தகடு ஒரு மில்லிமீட்டரை விடவும் மெல்லியது.

1954 ஜனவரி 10. சிங்கப்பூரிலிருந்து லண்டன் போய்க்கொண்டிருந்த கொமெட், ரோமிலிருந்து புறப்பட்டுச் சற்று நேரத்தில் எல்பா தீவுக்கருகே உடைந்து கடலில் விழுந்தது. 35 பேரும் இறந்தார்கள். முதலாவது சேவையில் பறந்த அதே விமானம். சேவை நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கியது. ஏப்ரல் 8ஆம் திகதி ரோமிலிருந்து கெய்ரோ போன இன்னொரு கொமெட்டும் விழுந்தது. 21 பேர். முதலாவது 1,290 தடவையும் மற்றது 900 தடவையும்தான் காற்றழுத்தத்துடன் பறந்திருந்தன.

ஃபான்பரோவில் ஆய்வாளர்கள் ஒரு முழுக் கொமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். இறக்கைகள் இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே தண்ணீரை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, ஒவ்வொரு பயணத்தையும் சில நிமிடங்களில் நடத்திப் பார்த்தார்கள். காற்றென்றால் உடையும்போது குண்டு போல வெடிக்கும், தண்ணீரென்றால் உடைந்த இடத்தை அப்படியே பார்க்கலாம். உண்மையான பயணங்களையும் சேர்த்து 3,057ஆவது தடவையோடு உடல் பிளந்தது. பிளவு ஒரு திறப்பின் மூலையில் தொடங்கியிருந்தது. எல்பாவில் விழுந்த விமானத்தின் கூரைத் துண்டு கடலிலிருந்து கிடைத்தபோது அதிலும் அதே கதை. வானொலி அன்டெனாவுக்காக வெட்டிய திறப்பின் மூலைக்கருகே, ரிவட் துளையொன்றில் வெடிப்பின் தொடக்கம்.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். கொமெட்டின் யன்னல்கள் சதுரமாக இருந்தன, அதனால் விழுந்தது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அவை கூர்மூலை யன்னல்கள் அல்ல, மூலைகள் வளைந்தே இருந்தன. வளைவு போதவில்லை என்பதும், அதன் பக்கத்திலேயே துளைகள் இருந்ததும்தான் விஷயம். வடிவமைத்தவர்கள் விவரமில்லாதவர்கள் அல்லர். மூலையில் விசை எவ்வளவு ஏறும் என்பதைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள். 1958இல் அட்லாண்டிக்கைக் கடந்து பயணிகளைக் கொண்டுபோன கொமெட் 4இல் உடல் தகடு தடித்திருந்தது, யன்னல்கள் நன்றாக வளைந்திருந்தன.

இனிக் கருவிகள். துப்பாக்கி போலப் பிடித்து விசையை அழுத்தும் ட்ரில்லுக்கு 1917இல் அமெரிக்காவின் பிளெக் அண்ட் டெக்கர் காப்புரிமை பெற்றது. ஜிக்சோ 1946இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. அல்பர்ட் கவுஃப்மன் என்ற பொறியியலாளர் மனைவியின் தையல் இயந்திரத்தில் ஊசியைக் கழற்றிவிட்டு வாள் அலகைப் பூட்டிப் பார்த்தார் என்பார்கள். ஊசி போலவே அதுவும் மேலும் கீழும் போய்வரும். இவை வருமுன் தகட்டில் யன்னல் வெட்டுவதென்றால், கோடு நெடுகச் சின்னத் துளைகளை நெருக்கமாகப் போட்டு, உளியால் இடையைத் தட்டி, பிறகு நாள் முழுக்க அரம் தேய்க்க வேண்டும்.

கொமெட்டுகள் விழுந்த அதே 1954இல்தான், ஜெர்மனியின் அக்கர்மன் சிமித் நிறுவனம் இன்று எல்லாக் கராஜிலும் சத்தம் போடும் அதிவேகக் கிரைண்டரைக் கொண்டுவந்தது. நேர்கோட்டில் தகட்டை அறுக்க அதைப்போல வேகமான சாமான் இல்லை. ஆனால் அதன் தட்டு வட்டம். மூலை வரை முழுதாக வெட்ட வேண்டுமென்றால் வெளிப்பக்கத் தகட்டில் கோடு கொஞ்சம் தாண்டித்தான் போகும். அந்தத் தாண்டல் புடவைக்கடைக்காரரின் கத்தரி வெட்டேதான்.

வேனுக்குள் காற்றழுத்தம் இல்லை, அது வானத்தில் பிளக்கப் போவதுமில்லை. ஆனால் குண்டும் குழியுமான பாதையில் அதன் உடலும் ஆயிரக்கணக்கான தடவை முறுகி நிமிர்கிறது. வெடிப்பு வந்தால் மூலையில்தான் முதலில் வரும், அதன் வழியாக மழைத்தண்ணீர் வரும், பிறகு துரு.

அதனால் கிரைண்டரைப் பிடித்தாலும் மூலைக்கு இரண்டு அங்குலம் முன்னால் நிறுத்த வேண்டும். மீதி ஜிக்சோவின் வேலை. மூலைத் துளைக்கு மெல்லிய ட்ரில் பிட் போதாது. வட்டமாக வெட்டும் ஹோல்சோ நல்லது, வளைவு பெரிதாக வரும். வெட்டி முடிந்ததும் ஓரத்துப் பிசிரை அரத்தால் எடுத்து, பறந்த இரும்புத் தூளைத் துடைத்து, வெட்டுவாய் முழுக்கப் பிரைமர் பூச வேண்டும். கண்ணாடியும் ரப்பரும் அதற்குப் பிறகு.